கேல் ரத்னா விருதுக்கு விண்ணப்பிப்பது எப்படி? வீரர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் ஒரு விளையாட்டு வீரருக்கு அரசு தரும் மிக உயரிய விருது மேஜர் தியான்சந்த் கேல் ரத்னா. 1991-92ல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் ஹாக்கி மேதை தியான்சந்தின் பெயர் சூட்டப்பட்டது. முதல் விருதே சென்னைக்குத்தான் வந்தது, விஸ்வநாதன் ஆனந்துக்கு. பிறகு 2020ல் சேலத்து மாரியப்பன் தங்கவேலு, 2022ல் டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல், 2024ல் குகேஷ் என்று தமிழ்நாட்டுப் பெயர்கள் அந்தப் பட்டியலில் தொடர்கின்றன.

பெரிய பதக்கம் ஒன்றை ஜெயித்துவிட்டால் டெல்லியிலிருந்து தானாகக் கூப்பிடுவார்கள் என்றுதான் நம்மில் பல பெற்றோரும் பயிற்சியாளர்களும் நினைக்கிறார்கள். நடைமுறை அப்படி இல்லை. விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே தொடரில் இரண்டு வெண்கலம் வென்ற துப்பாக்கிச் சுடும் வீராங்கனை மனு பாக்கரின் பெயர், 2024 விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் இல்லை என்று அந்த டிசம்பரில் செய்தி வந்ததும் நாடே கொதித்தது. விண்ணப்பத்தைத் தாக்கல் செய்ததில் தன் பக்கமே ஏதோ விடுபட்டிருக்கலாம், அது சரிசெய்யப்படுகிறது என்று அவரே பிறகு சொன்னார். 2025 ஜனவரியில் வந்த இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அவருக்காகக் குரல் கொடுக்க நாடு இருந்தது. ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து வந்து பாரா (மாற்றுத்திறனாளிகளுக்கான) தடகளத்திலோ காது கேளாதோர் ஒலிம்பிக்கிலோ பதக்கம் வெல்லும் பிள்ளைக்கு அப்படி யார் பேசுவார்கள்? அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: எந்த விருது உங்களுடையது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தேசிய விளையாட்டு விருதுகள் ஒரு குடும்பம். உச்சியில் கேல் ரத்னா. நான்கு ஆண்டுகளில் உலக அளவில் மிகச் சிறப்பாக ஆடியவருக்கு அது. பரிசுத் தொகை 25 லட்சம் ரூபாய். 2020 வரை ஏழரை லட்சமாக இருந்தது. அடுத்து 1961ல் தொடங்கிய அர்ஜுனா விருது, 15 லட்சம். அதற்கும் நான்கு ஆண்டு ஆட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். கூடவே ஒழுக்கம், தலைமைப் பண்பு, ஆட்ட நேர்மை எல்லாம் கணக்கில் வரும். பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் துரோணாச்சார்யா. ஓய்வு பெற்ற பிறகும் விளையாட்டுக்கு உழைப்பவர்களுக்கு முன்பு தியான்சந்த் வாழ்நாள் விருது இருந்தது; இப்போது அந்த இடத்தில் அர்ஜுனா வாழ்நாள் விருது வந்திருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு மௌலானா ஆசாத் கோப்பை, விளையாட்டை வளர்க்கும் அமைப்புகளுக்கு ராஷ்ட்ரிய கேல் புரோத்சாஹன்.

கேல் ரத்னா வழக்கமாக ஆண்டுக்கு ஒருவருக்குத்தான். ஒலிம்பிக், பாராலிம்பிக் நடக்கும் ஆண்டுகளில் எண்ணிக்கை கூடும். டோக்கியோவுக்குப் பிறகு 2021ல் 12 பேருக்குத் தந்தார்கள். 2022ல் சரத் கமல் ஒருவருக்கு மட்டும். 2014ல் யாருக்குமே இல்லை. அர்ஜுனா அப்படியில்லை, 2021ல் 35 பேர் பெற்றார்கள், 2024ல் 32 பேர்.

அதனால் என் யோசனை இது. ஆசிய விளையாட்டுப் போட்டியிலோ காமன்வெல்த்திலோ இப்போதுதான் முதல் பதக்கம் வாங்கியவர் அர்ஜுனாவுக்கு விண்ணப்பிப்பதே நல்லது. அதில் எந்தக் குறைவும் இல்லை. சரத் கமல் அர்ஜுனா வாங்கியது 2004ல், கேல் ரத்னா 18 ஆண்டுகள் கழித்து. மாரியப்பனும் 2017ல் அர்ஜுனா வாங்கிவிட்டுத்தான் கேல் ரத்னாவுக்கு வந்தார். ஆனால் பாதை ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். கேல் ரத்னா வாங்கியவர் பிறகு அர்ஜுனாவுக்கு வர முடியாது. 2020ல் தேர்வுக் குழு மல்யுத்த வீராங்கனை சாக்‌ஷி மாலிக், பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு இருவரையும் அர்ஜுனாவுக்குப் பரிந்துரைத்தது. ஏற்கெனவே கேல் ரத்னா பெற்றவர்கள் என்பதால் அமைச்சகம் இருவர் பெயரையும் எடுத்துவிட்டது.

படி 2: நான்கு ஆண்டுக் கணக்கைப் போடுங்கள்

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் வாழ்நாள் சாதனை முழுவதும் கணக்கில் வராது. அந்த விருதுக்கான அறிவிப்பு சொல்லும் நான்கு ஆண்டுகளில் நீங்கள் செய்தது மட்டுமே வரும்.

மாரியப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றது 2016ல். 2020 விருதுக்கு அரசு பார்த்த காலம் 2016 ஜனவரி முதல் 2019 டிசம்பர் வரை. அதாவது அந்தத் தங்கம் கணக்கில் வரக்கூடிய கடைசி வாய்ப்பு அது. இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப்போயிருந்தால் ரியோ தங்கம் கணக்குக்கு வெளியே போயிருக்கும்.

ஆகவே ஒரு தாளை எடுத்து நான்கு ஆண்டுகளுக்கு நான்கு பத்தி போடுங்கள். ஒவ்வொன்றிலும் சர்வதேசப் போட்டி, நடந்த ஊர், தேதி, பிரிவு, பெற்ற இடம், எத்தனை நாடுகள் கலந்துகொண்டன என்று எழுதுங்கள். உங்கள் மிகப் பெரிய பதக்கம் எந்தப் பத்தியில் விழுகிறது என்று பாருங்கள். முதல் பத்தியில் இருந்தால் இந்த ஆண்டே விண்ணப்பிக்க வேண்டும். கடைசிப் பத்தியில் இருந்தால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அடுத்த ஆண்டுகளில் இன்னொரு பதக்கம் சேரும்போது விண்ணப்பம் வலுவாகும்.

அந்த நான்கு ஆண்டுக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும். 2021ல் டோக்கியோ பதக்கங்களையும் சேர்க்க வேண்டும் என்பதற்காகத் தேர்வையே தள்ளிவைத்தார்கள். போன ஆண்டு அறிவிப்பை வைத்து இந்த ஆண்டுக்கு முடிவெடுக்காதீர்கள்.

படி 3: எந்தப் பதக்கத்துக்கு எவ்வளவு எடை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பதக்கங்களுக்குப் புள்ளி போடும் முறை இருக்கிறது. ஒலிம்பிக்கும் பாராலிம்பிக்கும் மேலே. அதற்கு அடுத்து உலக சாம்பியன்ஷிப், பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டி, பிறகு காமன்வெல்த். புள்ளியோடு குழுவின் மதிப்பீடும் சேரும். கிரிக்கெட் போன்ற ஆட்டங்களில் குழுவின் மதிப்பீட்டுக்கே அதிக இடம்.

புள்ளியை நீங்களே கூட்டிப் பார்ப்பது நல்லது. ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் வெள்ளி வென்ற கர்நாடகத்தின் கிரிஷா, 2015ல் தனக்குத்தான் புள்ளி அதிகம் என்று சொல்லி உயர் நீதிமன்றம் வரை போனார். அந்த ஆண்டு விருது சானியா மிர்சாவுக்குப் போனது. புள்ளி முறை இருந்தும் இப்படிக் கேள்விகள் எழுகின்றன என்பது எனக்கு வருத்தமான விஷயம். பாரா வீரர்கள் தங்கள் சாதனையை இன்னும் விரிவாக, இன்னும் கூடுதல் ஆதாரத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. நிலைமை மாறி வருகிறது என்பதும் உண்மை. 2024 அர்ஜுனா பட்டியலில் துளசிமதி முருகேசன், நித்யஸ்ரீ சிவன், மனிஷா ராமதாஸ் என்று நம் ஊர்ப் பாரா பேட்மிண்டன் வீராங்கனைகள் மூன்று பேர் இருந்தார்கள். பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற மதுரை ஜெர்லின் அனிகா 2022ல் அர்ஜுனா பெற்றார்.

படி 4: ஆவணங்களைச் சேருங்கள், பெயரில் கவனமாக இருங்கள்

பதக்கம் வென்ற புகைப்படம் ஆதாரம் ஆகாது. செய்தித்தாள் நறுக்கும் துணைக்கு மட்டுமே. வேண்டியது போட்டி நடத்திய சர்வதேச அமைப்பின் சான்றிதழும் அதிகாரபூர்வ முடிவுப் பட்டியலும். முடிவுப் பட்டியல் அந்த அமைப்பின் இணையதளத்தில் இருக்கும். போட்டி முடிந்த வாரமே இறக்கிச் சேமித்துவிடுங்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கமே காணாமல் போவதுண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இனிஷியல். வடக்கில் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் ஒன்று வரும், எல்லா ஆவணத்திலும் அது ஒரே மாதிரி இருக்கும். நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து. பள்ளிச் சான்றிதழில் அது முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் போயிருக்கும், பாஸ்போர்ட்டில் விரிந்து அப்பாவின் முழுப் பெயராகிவிடும். வெளிநாட்டுப் போட்டியில் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிவு செய்வதால் முடிவுப் பட்டியலில் அப்பா பெயரே பெரிய எழுத்தில் வீரரின் பெயர் போல நிற்கும். நாம் பவானி தேவி என்று அறிந்த வாள்வீச்சு வீராங்கனையின் முழுப் பெயர் சடலவாடா ஆனந்த சுந்தரராமன் பவானி தேவி. சி.ஏ. என்ற இரண்டு எழுத்துக்குள் அவ்வளவும் அடங்கியிருக்கிறது. நாம் சரத் கமல் என்று மட்டும் சொல்பவர் பெயரோடு சில பட்டியல்களில் அசந்தா முன்னால் வரும், சிலவற்றில் பின்னால்.

புகழ்பெற்றவர் என்றால் பார்ப்பவருக்கே ஆள் யார் என்று புரிந்துவிடும். புதிய வீரருக்கு அப்படி இல்லை. ஆதாரில் ஒரு பெயர், முடிவுப் பட்டியலில் வேறு பெயர் என்றால் சரிபார்ப்பவர் நின்று யோசிப்பார். அதனால் மூன்று வேலை செய்யுங்கள். ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று உங்கள் விளையாட்டின் தேசியக் கூட்டமைப்பிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். பெயரை முறைப்படி மாற்றியிருந்தால் அரசிதழ் நகலையும் சேர்த்து வையுங்கள். இந்த வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். விண்ணப்பம் திறந்த பிறகு ஆரம்பித்தால் முடியாது.

அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு நீங்கள் ஏற்கெனவே கையெழுத்து வாங்கிய படிவங்கள் இருக்கும். அவற்றையும் ஸ்கேன் செய்து அதே கோப்பில் வையுங்கள். இந்த விருதுக்கு அவை போதாது என்றாலும் தேதியும் பிரிவும் சரிபார்க்க உதவும்.

படி 5: ஊக்கமருந்து விஷயத்தில் கோப்பு சுத்தமாக இருக்க வேண்டும்

ஊக்கமருந்துக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரையும் விசாரணையில் இருப்பவரையும் ஒதுக்குவது இந்த விருதுகளின் அடிப்படை நிபந்தனை. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் கேட்ட பிறகுதான் பெயர் மேலே போகும்.

மருந்து எடுக்காதவர்களும் இதில் மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது. முகமையின் சோதனைப் பட்டியலில் இருப்பவர்கள் தாங்கள் தினமும் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 12 மாதத்துக்குள் மூன்று முறை தவறினால் அதுவே விதிமீறல். பயிற்சி முகாமிலிருந்து திருவிழாவுக்கு ஊருக்கு வரும் பையன் அதைப் பதிவு செய்ய மறந்தால், அதுவும் ஒரு முறையாக எண்ணப்படலாம். அப்பா அம்மாதான் ஞாபகப்படுத்த வேண்டும். அப்புறம், சளிக்கு, வலிக்கு என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையையும், ஜிம்மில் யாரோ கொடுக்கும் புரோட்டீன் பவுடரையும் மருத்துவரிடம் காட்டாமல் தொடவே கூடாது. சிகிச்சைக்குத் தடை செய்யப்பட்ட மருந்து அவசியம் என்றால் முறைப்படி விலக்கு அனுமதி வாங்கி அதன் நகலை வைத்திருங்கள்.

ஒருவரை இன்னொருவர் என்று தவறாக நினைத்ததும் நடந்திருக்கிறது. 2010 காமன்வெல்த்தில் தங்கம் வென்ற குத்துச்சண்டை வீரர் மனோஜ் குமார் 2014 அர்ஜுனா பட்டியலில் விடுபட்டார். ஊக்கமருந்தில் சிக்கிய இன்னொருவர் என்று அவரைத் தவறாக நினைத்துவிட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே அந்த ஆண்டு விருது அவர் கைக்கு வந்தது. பெயரைப் பற்றி மேலே அவ்வளவு எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 6: நீங்களே விண்ணப்பியுங்கள்

முன்பு கூட்டமைப்போ, மாநில அரசோ, இந்திய விளையாட்டு ஆணையமோ, முன்னாள் விருதாளர்களோ பரிந்துரைத்தால்தான் பெயர் போகும். சங்கத்துக்குப் பிடிக்காதவர் என்றால் கதை முடிந்தது. 2020ல் பேட்மிண்டன் வீரர் எச்.எஸ். பிரணாய் தன்னை அர்ஜுனாவுக்குப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகக் குமுறினார். அவருக்கு விருது கிடைத்தது 2022ல். கொரோனா ஆண்டான 2020ல் பரிந்துரைக் கையெழுத்து வாங்குவது கஷ்டம் என்பதால் வீரர்களே விண்ணப்பிக்க அனுமதித்தார்கள். 2022 முதல் இணையவழி விண்ணப்பம் மட்டும்தான்; யாருடைய பரிந்துரையும் இல்லாமல் தகுதியுள்ளவர் தானே விண்ணப்பிக்கலாம். இந்த விருதுகளில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான் என்பது என் எண்ணம். ‘சங்கத்தில் கேட்டுவிட்டு’ என்று தயங்கிக்கொண்டே இருக்காதீர்கள்.

இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகத்தின் இணையதளத்தில் அறிவிப்பு வரும். விருது விழா முன்பெல்லாம் தியான்சந்தின் பிறந்த நாளான ஆகஸ்ட் 29 அன்று நடந்துகொண்டிருந்தது. சமீப ஆண்டுகளில் நவம்பருக்கும் ஜனவரிக்கும் தள்ளிப்போயிருக்கிறது. விண்ணப்பக் காலமும் அதற்கேற்ப நகர்கிறது. ஆகஸ்டிலிருந்து வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் பார்ப்பதை வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். திறந்தால் சில வாரங்கள்தான் அவகாசம். வீரர் அப்போது வெளிநாட்டில் போட்டியில் இருக்கலாம் என்பதால், பதிவு செய்த கைப்பேசி எண் யாரிடம் இருக்கிறது, கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்பதை முன்பே பேசிவையுங்கள்.

எழுதும்போது அடைமொழிகள் வேண்டாம். ‘அபாரத் திறமையால் நாட்டுக்குப் பெருமை சேர்த்தார்’ என்று ஒரு வரி எழுதுவதற்குப் பதில் போட்டி, பிரிவு, இடம், தேதி, இறுதிச் சுற்றில் எதிராளி யார், என்ன கணக்கில் வென்றீர்கள் என்று எழுதுங்கள். சரத் கமலின் 2022ஐப் பாருங்கள்: பர்மிங்காம் காமன்வெல்த், வயது 40, ஆண்கள் ஒற்றையர் தங்கம், கலப்பு இரட்டையர் தங்கம், அணித் தங்கம், ஆண்கள் இரட்டையர் வெள்ளி. இதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை. பெரிய பதக்கத்தை முதலில் வையுங்கள். மாவட்ட, மாநிலப் பதக்கங்களை அடுக்கி அதை மறைத்துவிடாதீர்கள்.

அணி விளையாட்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே யோசிக்க வேண்டும். டோக்கியோவில் 41 ஆண்டுக்குப் பிறகு ஹாக்கியில் பதக்கம் வந்தபோது கேல் ரத்னா கேப்டன் மன்பிரீத் சிங்குக்கும் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்கும் போனது; சக வீரர்கள் பலர் அர்ஜுனா பெற்றார்கள். இரட்டையர் என்றால் இருவருக்கும் சேர்த்துத் தந்ததுண்டு: 2023ல் பேட்மிண்டன் ஜோடி சாத்விக், சிராக். மற்றபடி அணி வென்ற பதக்கத்தில் உங்கள் பங்கு என்ன என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். எத்தனை ஆட்டம் ஆடினீர்கள், எத்தனை கோல் அடித்தீர்கள் அல்லது தடுத்தீர்கள், எந்த இடத்தில் ஆடினீர்கள், கேப்டனாக இருந்தீர்களா? கபடி, கைப்பந்து வீரர்கள் இதை எழுதாமல் ‘அணி தங்கம் வென்றது’ என்று மட்டும் எழுதினால் உங்களைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்றுதான் பொருள்.

சமர்ப்பித்ததும் ஒப்புகைப் பக்கத்தைச் சேமித்து, பதிவேற்றிய ஒவ்வொரு கோப்பும் திறக்கிறதா என்று பாருங்கள். கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

படி 7: அனுப்பிய பிறகு

சரிபார்ப்பு முடிந்து பெயர்கள் தேர்வுக் குழுவுக்குப் போகும். 2024ல் ஓய்வு பெற்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அதன் தலைவராக இருந்தார். முன்னாள் வீரர்கள், விளையாட்டுச் செய்தியாளர்கள், அதிகாரிகள் எல்லாம் உறுப்பினர்கள். குழு பரிந்துரைக்கும், முடிவு அரசுடையது. இடையில் ‘வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்று பட்டியல்கள் கசியும். அமைச்சகத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை எந்தப் பட்டியலையும் நம்பி இனிப்பு கொடுக்கவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம். இந்த நாட்களில் மின்னஞ்சலையும் கைப்பேசியையும் கவனித்துக்கொண்டே இருங்கள். கூடுதல் ஆவணம் கேட்டால் அன்றே அனுப்பிவிடுங்கள். ஆள் யாரையாவது பிடித்து விருது வாங்கித் தருகிறேன், கொஞ்சம் செலவாகும் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

தேர்வானால் குடியரசுத் தலைவர் மாளிகையில் பதக்கமும் சான்றிதழும் பரிசுத் தொகையும் வழங்குவார்கள். இல்லையென்றால் நான்கு பத்தித் தாளை மறுபடி எடுங்கள். பழைய ஆண்டு ஒன்று உதிரும், புதிய ஆண்டு ஒன்று சேரும். மீதி மூன்று ஆண்டுகளின் சான்றிதழ்களும் கடிதங்களும் ஏற்கெனவே கோப்பில் இருக்கின்றன. அடுத்த அறிவிப்புக்குள் சேர்க்க வேண்டியது புதிய ஆண்டின் முடிவுப் பட்டியலை மட்டும்தான். தமிழ்நாட்டு முதலமைச்சரின் மாநில விளையாட்டு விருதுக்கும் இதே கோப்பிலிருந்து நிறைய எடுத்துக்கொள்ளலாம். அதற்கான அறிவிப்பைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வெளியிடும், உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.